உரியாவின் பெயர் வரும் இடம்: தாவீதின் கதையை ஒரே கதையாகப் படிப்பது

தாவீதைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் தனித்தனிக் காட்சிகள்தான். ஞாயிறு பள்ளியில் கோலியாத்து, வாலிபர் கூட்டத்தில் யோனத்தானின் நட்பு, உபவாசக் கூட்டத்தில் பத்சேபாளும் 51-ஆம் சங்கீதமும், காலண்டர் தாளில் ஒரு வாக்குத்தத்தம். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் 1 சாமுவேலின் தொடக்கத்தில் அன்னாள் பிள்ளையில்லாமல் அழும் இடத்திலிருந்து, 1 இராஜாக்கள் 2-ஆம் அதிகாரத்தின் கடைசி வரியில் ராஜ்யம் சாலொமோனின் கையில் உறுதிப்படும் இடம் வரை, 57 அதிகாரங்களில் ஓடுவது ஒரே கதை. நிதானமாகப் படித்தாலும் ஒரு விடுமுறை நாளுக்குள் முடித்துவிடலாம். அப்படிப் படித்தவர்கள் நம் சபைகளில் மிகக் குறைவு என்பது என் எண்ணம். துண்டு துண்டாகப் படிக்கும்போது கைக்கு வராத ஒன்று இந்தக் கதையில் இருக்கிறது. அதை எடுத்துக்காட்டத்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கதையைச் சொல்பவர் அதிகம் பேசாதவர். ஒருவன் செய்தது சரியா தப்பா என்று அவர் அபூர்வமாகத்தான் வாய் திறந்து சொல்வார். பத்சேபாள் விஷயத்தில்கூட, தாவீது செய்தது கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது என்று அதிகாரத்தின் முடிவில் ஒரே ஒரு வரி. மற்றபடி அவருடைய தீர்ப்பு வேறு வழியில் வருகிறது. ஒரு செயலை, ஒரு இடத்தை, ஒரு ஆளைப் பல அதிகாரங்கள் கழித்து மறுபடியும் நம் முன் கொண்டுவந்து நிறுத்துவார். முதலில் பார்த்தது நினைவில் இருந்தால் இரண்டாவது காட்சி பேசும். இல்லாவிட்டால் அது வெறும் தகவலாகக் கடந்துபோகும்.

நாம் இப்படி வெட்டி வெட்டிப் படிக்கப் பழகியதற்கு அச்சிட்ட வேதாகமத்தின் அமைப்பும் ஒரு காரணம். இன்றைய அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் பாடம் சொல்லிக்கொடுத்த ஸ்டீபன் லாங்டன் செய்தவை என்று சொல்லப்படுகிறது. பின்னாளில் அவர் கான்டர்பரி பேராயர் ஆனார். இன்று நாம் புதிய ஏற்பாட்டில் பார்க்கும் வசன எண்கள், ராபர்ட் எஸ்தியன் என்ற அச்சாளர் 1551-இல் வெளியிட்ட பதிப்பிலிருந்து வருகின்றன. சாமுவேலின் புத்தகமே எபிரெய மரபில் ஒன்றாக இருந்ததுதான். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அதை இரண்டாக்கினார்கள். தேடி எடுக்க இந்த எண்கள் பெரிய உதவி, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு அதிகாரம் முடிந்ததும் மனதும் ஒரு விஷயம் முடிந்ததாக நினைத்துக்கொள்கிறது.

2 சாமுவேல் 11-ஐயே எடுத்துக்கொள்வோம். ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம். தாவீது எருசலேமில் இருந்துகொண்டு, அம்மோனியரின் தலைநகரான ரப்பாவை முற்றுகையிடத் தன் படைத்தலைவன் யோவாபை அனுப்புகிறான். சாயங்காலம் அரமனை மாடியிலிருந்து குளிக்கிற ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அவள் யார் என்று விசாரித்து, உரியாவின் மனைவி என்று தெரிந்த பிறகும் ஆளனுப்பி அழைக்கிறான். அவள் கர்ப்பமாகிறாள். போர்க்களத்திலிருந்து உரியாவை வரவழைத்து வீட்டுக்குப் போகச் சொல்கிறான். உடன்படிக்கைப் பெட்டியும் இஸ்ரவேலும் யூதாவும் கூடாரங்களில் தங்கியிருக்கும்போது, என் ஆண்டவனாகிய யோவாப் வெளியில் பாளயமிறங்கியிருக்கும்போது, நான் மட்டும் வீட்டுக்குப் போய்ப் புசித்துக் குடித்து மனைவியோடு படுப்பேனா என்று கேட்கிறான் உரியா.

இதை மட்டும் படித்தால் உரியா நேர்மையான சிப்பாய், அவ்வளவுதான். 1 சாமுவேல் 21-ஐப் படித்துவிட்டு வருபவருக்கு வேறொரு குரலும் சேர்ந்து கேட்கும். அப்போது ராஜாவாயிருந்த சவுலுக்குப் பயந்து ஓடிய தாவீது நோபில் ஆசாரியனாகிய அகிமெலேக்கிடம் பரிசுத்த அப்பம் கேட்டபோது, வாலிபர்கள் ஸ்திரீகளோடு சேராதிருந்தார்களா என்று அவன் கேட்டான். நாங்கள் புறப்படும்போதெல்லாம் அப்படித்தான் என்று தாவீது பதில் சொன்னான். போருக்குப் போகிறவனின் ஒழுங்கு அது. ஒருகாலத்தில் தாவீது தன் ஒழுங்கு என்று சொல்லிக்கொண்டதை, இப்போது ஏத்தியர் என்ற அந்நிய இனத்தைச் சேர்ந்த உரியா தாவீதின் முகத்துக்கு நேராகக் கடைப்பிடிக்கிறான். கதை சொல்பவர் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டவே இல்லை. நம் நினைவை நம்பி விட்டுவிடுகிறார்.

அப்புறம் அந்தக் கடிதம். போர் மும்முரமாக நடக்கும் இடத்தில் உரியாவை நிறுத்திப் பின்வாங்குங்கள், அவன் வெட்டுண்டு சாகட்டும் என்று எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறான். இந்த யோசனை தாவீதின் தலையில் முதன்முதலாக உதித்தது அல்ல. 1 சாமுவேல் 18-இல் சவுல் இதையேதான் யோசித்தான். என் கை அவன்மேல் படவேண்டாம், பெலிஸ்தரின் கை படட்டும் என்று திட்டமிட்டு, மகளை மனைவியாகத் தருவதற்குப் பரிசமாக நூறு பெலிஸ்தரின் நுனித்தோலைக் கேட்டான். எதிரியின் பட்டயத்தால் ஒருவனைத் தீர்த்துவிட்டால் தன் கையில் இரத்தம் ஒட்டாது என்பது கணக்கு. அன்று அந்தக் கண்ணியில் சாகவேண்டியவன் தாவீது. இன்று அதே கண்ணியை விரிப்பவனும் அவனே. சவுலிடமிருந்து தப்பித்த தாவீதுக்காக நாம் பல அதிகாரங்களாகத் துடித்திருந்தால்தான் இந்த இடத்தில் அடி பலமாக விழும். 11-ஆம் அதிகாரத்தை மட்டும் வைத்துப் பிரசங்கம் செய்யும்போது இச்சையைப் பற்றிப் பேசி முடிக்கிறோம். கதை பேசுவது அதைவிடப் பயங்கரமான விஷயம். தாவீது சவுலாகிக்கொண்டிருக்கிறான்.

உரியா செத்த செய்தி வந்ததும் தாவீது யோவாபுக்குச் சொல்லியனுப்புவதையும் கவனியுங்கள். இதைப் பற்றிச் சஞ்சலப்படாதே, பட்டயம் ஒருவேளை இவனைத் தின்னும், ஒருவேளை அவனைத் தின்னும் என்கிறான். நோபில் அப்பம் கொடுத்த குற்றத்துக்காக தோவேக்கு என்ற ஏதோமியன் எண்பத்தைந்து ஆசாரியர்களை வெட்டியபோது, தப்பி வந்த அகிமெலேக்கின் மகன் அபியத்தாரிடம் இதே தாவீது என்ன சொன்னான்? உன் தகப்பன் வீட்டார் அத்தனை பேருடைய சாவுக்கும் காரணம் நான்தான் என்றான். அன்று அவன் யாரையும் கொல்லச் சொல்லவில்லை. ஆனாலும் பொறுப்பை ஏற்றான். இன்று கொல்லச் சொல்லி எழுதிக் கொடுத்தவன், போர் என்றால் அப்படித்தான் என்கிறான். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் தாவீதின் வீழ்ச்சி என்று நான் நினைக்கிறேன். மாடியில் நடந்தது அந்த வீழ்ச்சி வெளியே தெரிந்த இடம்.

நடுவில் இன்னொருத்தியும் இருக்கிறாள். நாபால் அவமானப்படுத்தியதற்காக அவன் வீட்டு ஆண்களையெல்லாம் வெட்டப் பட்டயத்தோடு புறப்பட்ட தாவீதை, 1 சாமுவேல் 25-இல் அபிகாயில் வழிமறித்தாள். நீர் ராஜாவாகும் நாளில், விருதாவாய் இரத்தம் சிந்தினோமே என்ற மன இடறல் உமக்கு இருக்கக்கூடாது என்றாள். தாவீது நின்றான், அவளை அனுப்பிய கர்த்தருக்கு நன்றி சொன்னான். ராஜாவான பிறகு, 11-ஆம் அதிகாரத்தில் அவனை வழிமறிக்க யாரும் இல்லை. ஊழியக்காரர் போய் வருகிறார்கள், யோவாப் சொன்னதைச் செய்கிறான், எல்லாம் சுமுகமாக நடக்கிறது. தீர்க்கதரிசி நாத்தான் வருவதற்குள் உரியா செத்துப்போய், பத்சேபாளுக்குப் பிள்ளையும் பிறந்துவிட்டது.

ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஒரு பணக்காரன் பறித்து அடித்ததாக நாத்தான் சொன்ன கதையைக் கேட்டுத் தாவீது கோபமாய், அதைச் செய்தவன் நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்தவேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறான். ஒரு ஆட்டைத் திருடி அடித்தவன் நாலு ஆடு தரவேண்டும் என்பது யாத்திராகமம் 22-இல் உள்ள சட்டம். நாம் பொதுவாக இங்கிருந்து 'நீயே அந்த மனுஷன்' என்ற வரிக்கும், அங்கிருந்து மன்னிப்புக்கும், 51-ஆம் சங்கீதத்துக்கும் போய்விடுகிறோம். மன்னிப்பு உண்மை. கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார் என்று நாத்தானே சொல்கிறான். ஆனால் அதோடு புத்தகம் மூடவில்லை. பத்சேபாளின் குழந்தை சாகிறது. அம்னோன் சாகிறான். அப்சலோம் சாகிறான். 1 இராஜாக்கள் 2-இல் அதோனியா சாகிறான். நாலு பிள்ளைகள். தாவீது சொன்ன தீர்ப்பு அவன் வீட்டிலேயே நிறைவேறியது என்று யூத வேத அறிஞர்கள் பழங்காலத்திலேயே கணக்குப் பார்த்திருக்கிறார்கள். தல்மூதில் அந்தப் பட்டியலில் அதோனியாவின் இடத்தில் தாமார் இருக்கிறாள்.

தாமாரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் நம் பிரசங்கங்கள் நிற்பதில்லை. அம்னோன் வியாதிக்காரனைப்போலப் படுத்துக்கொண்டு, தங்கையை அனுப்பும்படி தகப்பனிடம் கேட்கிறான். தாமாரை அந்த அறைக்கு அனுப்புகிறவன் தாவீதுதான். அவள் அவ்வளவு நியாயம் பேசியும் அம்னோன் கேட்காமல் அவளைப் பலவந்தப்படுத்துகிறான். பிறகு வேலைக்காரனைக் கொண்டு வெளியே தள்ளிக் கதவைப் பூட்டுவிக்கிறான். அவள் பலவருண உடையைக் கிழித்து, தலையில் சாம்பலைப் போட்டு, சத்தமிட்டு அழுதுகொண்டு போகிறாள். தாவீது கேள்விப்பட்டு மிகவும் கோபப்பட்டான் என்று வசனம் சொல்கிறது. அடுத்து அவன் என்ன செய்தான் என்று தேடினால் ஒன்றும் இல்லை. ஊரார் ஆட்டுக்குட்டிக்கு நியாயம் தீர்க்கத் துடித்தவன், சொந்த மகளுக்கு நியாயம் தீர்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும் விருந்தில் அப்சலோம் அம்னோனைக் கொல்விக்கிறான். திராட்சரசத்தால் அம்னோனின் மனம் களித்திருக்கும் நேரம் பார்த்து அடியுங்கள் என்பது கட்டளை. தகப்பன் உரியாவைக் குடிக்கவைத்துப் பார்த்தது நினைவுக்கு வரும். அந்த விருந்துக்கு அம்னோனை அனுப்பிவைத்தவனும் தாவீதுதான். பிறகு தப்பி ஓடிய அப்சலோம் கேசூரில் மூன்று வருஷம், எருசலேமுக்குத் திரும்பியும் ராஜாவின் முகத்தைப் பார்க்காமல் இரண்டு வருஷம். தாமார் அழுத நாளிலிருந்து தகப்பனும் மகனும் முத்தமிட்டுக்கொண்ட நாள் வரை ஏழு ஆண்டுகள் ஓடுகின்றன. மூன்று பக்கங்களில் படித்துவிடுவதால் அது நமக்குத் தெரிவதில்லை. அப்சலோம் தன் ஒரே மகளுக்குத் தாமார் என்று பேர் வைத்திருந்தான் என்று 14-ஆம் அதிகாரத்தில் போகிறபோக்கில் ஒரு தகவல் வருகிறது. அந்த வீட்டில் யாரும் எதையும் மறக்கவில்லை.

தகப்பனுக்கு விரோதமாக அப்சலோம் செய்த கலகம் எப்ரோனில் தொடங்குகிறது. தாவீது முதலில் ராஜாவாக அபிஷேகம்பண்ணப்பட்ட ஊர், அப்சலோம் பிறந்த ஊர். தாவீதின் ஆலோசனைக்காரன் அகித்தோப்பேல் அப்சலோம் பக்கம் சேர்கிறான். ஏன் சேர்ந்தான் என்று கதை சொல்வதில்லை. ஆனால் பத்சேபாள் எலியாமின் மகள் என்று 11-ஆம் அதிகாரத்திலும், அகித்தோப்பேலின் மகன் பெயர் எலியாம் என்று 23-ஆம் அதிகாரத்தின் வீரர் பட்டியலிலும் இருக்கிறது. இரண்டு எலியாமும் ஒருவனே என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருவன் என்றால் அகித்தோப்பேல் பத்சேபாளின் தாத்தா. அவன் அப்சலோமுக்குக் கொடுத்த முதல் ஆலோசனை, தகப்பனின் மறுமனையாட்டிகளிடத்தில் எல்லார் கண்ணுக்கும் முன்பாகப் பிரவேசி என்பது. அதற்குக் கூடாரம் போடப்பட்டது அரமனை மாடியில். தாவீது பத்சேபாளைப் பார்த்த அதே அரமனையின் மாடி.

நான் மிகவும் நேசிக்கும் வசனம் ஒன்று, யாரும் மனப்பாடம் செய்யாதது, 2 சாமுவேல் 17:27. மக்னாயீமுக்குத் தப்பி ஓடிவந்த தாவீதுக்குப் படுக்கைகளும் கோதுமையும் தேனும் கொண்டுவந்த மூன்று பேரின் பெயர் அதில் இருக்கிறது. ரப்பாவைச் சேர்ந்த நாகாசின் மகன் சோபி. லோதேபாரைச் சேர்ந்த மாகீர். கீலேயாத்தியனாகிய பர்சிலா. பட்டியல் என்று தாண்டிவிடுவோம். ஆனால் ரப்பா என்பது உரியா செத்த ஊர், தாவீது வென்று கிரீடத்தை எடுத்த ஊர். அந்த ஊர்க்காரன் இப்போது அவனுக்குப் படுக்கை கொண்டுவருகிறான். மாகீர் யார் என்றால், சவுலின் பேரனும் யோனத்தானின் மகனுமான மேவிபோசேத்தை, இரண்டு காலும் முடமானவனை, தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவன். அங்கிருந்துதான் தாவீது மேவிபோசேத்தை அழைத்து, யோனத்தானுக்காகத் தன் பந்தியில் உட்காரவைத்தான். அன்று காட்டிய தயவு இன்று திரும்பி வருகிறது. பர்சிலா எண்பது வயதுக் கிழவன். அவன் பிள்ளைகளுக்குத் தயவு செய் என்று தாவீது சாகும்போது சாலொமோனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். பாவத்தின் விளைவு மட்டும் இந்தக் கதையில் நெடுந்தூரம் பயணப்படவில்லை. ஒரு நல்ல செயலும் அதே அளவு தூரம் வருகிறது என்பதை இந்த ஒரு வசனத்தில் பார்க்கலாம்.

தாவீதின் புலம்பல்களையும் வரிசையாக வைத்துப் படித்துப் பாருங்கள். சவுலும் யோனத்தானும் செத்தபோது அழகான, ஒழுங்கான ஒரு பாட்டு. சவுலின் படைத்தலைவன் அப்னேருக்காகச் சில வரிகள். அப்சலோம் செத்தபோது பாட்டு வரவில்லை, 'என் மகனே, என் மகனே' என்று திரும்பத் திரும்ப அதையேதான் சொல்ல முடிகிறது. இஸ்ரவேலின் சங்கீதக்காரனுக்கு வார்த்தை கிடைக்காமல் போன இடம் அது.

1 இராஜாக்களுக்கு வரும்போது பலர் புத்தகம் மாறியதால் கதையும் மாறியது என்று நினைக்கிறார்கள். பத்சேபாளின் கதை முடிவதே அங்கேதான். 11-ஆம் அதிகாரத்தில் அவள் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்று: நான் கர்ப்பவதி. அதன்பின் 1 இராஜாக்கள் 1 வரை அவள் பேசி நாம் கேட்பதில்லை. அங்கே முதிர்வயதான ராஜாவின் முன் நின்று, சாலொமோனே ராஜாவாவான் என்று ஆணையிட்டீரே என்று நீளமாகப் பேசுகிறாள். அப்படிப் பேசும்படி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நாத்தான். தாவீது அப்படி எப்போது ஆணையிட்டான்? பின்னால் திரும்பிப் போய்த் தேடினால், அந்த ஆணை நடந்த காட்சி எங்குமே இல்லை. உண்மையில் ஆணையிட்டானா, அல்லது தளர்ந்த கிழவனுக்கு இருவரும் நினைவூட்டுவதுபோல ஊட்டினார்களா? இந்தக் கேள்வி முழுக் கதையையும் படித்தவருக்கு மட்டுமே எழும். கதை சொல்பவர் அதைத் திறந்தபடியே விட்டிருக்கிறார் என்பது என் வாசிப்பு.

ஒரு மறுப்பையும் நேர்மையாகச் சந்திக்கவேண்டும். இது ஒரே கையால் எழுதப்பட்ட கதையா? இல்லை என்பதற்கு அடையாளங்கள் உண்டு. 1 சாமுவேல் 16-இல் சுரமண்டலம் வாசிக்கும் தாவீதைச் சவுல் மிகவும் நேசித்துத் தன் ஆயுததாரியாக்குகிறான். 17-இன் முடிவில் இந்த வாலிபன் யாருடைய மகன் என்று அதே சவுல் கேட்கிறான். 2 சாமுவேல் 21:19-இன் எபிரெய மூலத்தில் கோலியாத்தைக் கொன்றவன் எல்க்கானான். 1926-இல் ஜெர்மன் ஆய்வாளர் லியோன்ஹார்ட் ரோஸ்ட், 2 சாமுவேல் 9 முதல் 20 வரையும் 1 இராஜாக்கள் 1, 2-உம் அரியணை யாருக்கு என்ற கேள்வியைச் சுற்றி எழுதப்பட்ட தனிப் படைப்பு என்று வாதிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதன் எல்லைகளைப் பற்றி இன்னும் விவாதிக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்துகொள்வது நல்லதே. ஆனால் தையல் தெரிகிறது என்பதால் துணி ஒன்றல்ல என்று ஆகிவிடாது. பழைய ஏடுகளைச் சேர்த்தவர் ஏதோ ஒரு நோக்கத்தோடுதான் இந்த வரிசையில் சேர்த்திருக்கிறார். ஆசாரியனாகிய ஏலியின் வீட்டுக்கு விரோதமாக 1 சாமுவேல் 2-இல் சொல்லப்பட்ட வார்த்தை, அந்த வீட்டில் வந்த அபியத்தாரைச் சாலொமோன் ஆனதோத்துக்குத் துரத்தியபோது நிறைவேறியது என்று 1 இராஜாக்கள் 2:27 வெளிப்படையாகவே எழுதுகிறது. கதையின் முதல் சில பக்கங்களை நாம் மறக்கக்கூடாது என்று கடைசிப் பக்கம் கேட்கிறது.

சேர்த்தவரின் நோக்கம் மிகக் கூர்மையாகத் தெரியும் இடம் 2 சாமுவேல் 23. பஞ்சம், யுத்த வீரர்கள், பாட்டு, மறுபடி பாட்டு, மறுபடி வீரர்கள், கொள்ளைநோய் என்று அமைந்த நாலு அதிகாரப் பின்னிணைப்பில் அது வருகிறது. தாவீதின் பராக்கிரமசாலிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. பெத்லகேமின் ஊருணித் தண்ணீருக்காகத் தாவீது ஏங்கியபோது பெலிஸ்தரின் பாளயத்தைத் துளைத்துக்கொண்டு போய் மொண்டுவந்த மூன்று பேர் இங்கே இருக்கிறார்கள். உயிரைப் பணயம் வைத்த அந்த மனுஷருடைய இரத்தமல்லவா இது என்று தாவீது குடிக்க மறுத்துக் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான். தன் வீரர்களின் உயிரை அவ்வளவு பெரிதாக மதித்த தலைவன். அதற்குப் பின் பெயர்கள் தொடர்கின்றன. பட்டியலின் கடைசிப் பெயர்: ஏத்தியனாகிய உரியா. ஆக முப்பத்தேழு பேர்.

இதே பட்டியல் 1 நாளாகமம் 11-இலும் இருக்கிறது. அங்கேயும் உரியாவின் பெயர் உண்டு, ஆனால் அதோடு நிற்காமல் மேலும் பதினாறு பெயர்கள் தொடர்கின்றன. நாளாகமக்காரர் ஆலயத்தையும் ஆராதனையையும் மையமாக வைத்து எழுதுகிறவர். அவருடைய புத்தகத்தில் 20-ஆம் அதிகாரம், தாவீது எருசலேமில் இருந்துவிட்டான் என்று தொடங்கி அப்படியே ரப்பாவைப் பிடித்த செய்திக்குத் தாவுகிறது. நடுவில் மாடியும் இல்லை, கடிதமும் இல்லை. தாமாரின் அழுகையும் அப்சலோமின் கலகமும் அவர் புத்தகத்தில் இல்லை. சாமுவேலின் ஆசிரியர் அவற்றை வைத்துக்கொண்டார், பட்டியலையும் உரியாவில் நிறுத்தினார். 1 இராஜாக்கள் 15-இல் தாவீதைப் புகழும் வரியிலும் 'ஏத்தியனாகிய உரியாவின் சங்கதி ஒன்றுதவிர' என்ற விலக்கு இருக்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதும்போது, தாமார் (இவள் தாவீதின் மகள் அல்ல, ஆதியாகமத்தில் வரும் தாமார்), ராகாப், ரூத் என்று பெண்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டு, சாலொமோனின் தாயை மட்டும் பெயர் சொல்லாமல் 'உரியாவின் மனைவியாயிருந்தவள்' என்கிறார்.